பழைய ஏழும் புதிய ஏழும்

பல ஆண்டுகள் ஆடாமல் இருந்துவிட்டு கோல்ஃபுக்குத் திரும்புகிறவர்கள் கடைக்குள் நுழைந்ததும் கேட்பது ஏழாம் எண் அயர்னைத்தான். அது பழகிய இரும்புத் தலை மட்டை. ஒரு காலத்தில் அதை வைத்துத்தான் ஆட்டத்தையே கற்றோம். கடைக்காரரும் புதிய செட்டிலிருந்து அதை உருவிக் கொடுப்பார். வலைக்குள் நான்கைந்து பந்துகள் அடித்துப் பார்த்தால் திரையில் விழும் தூரம் மலைக்க வைக்கும். முப்பது வயதில் அடித்த தூரத்தைவிட இப்போது கூடுதலாக அடிக்கிறோமே என்று மனம் பூரித்துப்போகும். அந்தப் பூரிப்பிலேயே பில் போடச் சொல்லிவிடுவோம்.

அந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். 1990களில் நம் கையில் இருந்த ஏழாம் எண் அயர்னின் சாய்வுக் கோணம், அதாவது மட்டையின் முகம் பின்னால் சாய்ந்திருக்கும் அளவு, சுமார் 35 டிகிரி. அந்தக் கோணம் குறையக் குறையப் பந்து தாழ்வாகவும் தூரமாகவும் போகும்; எண் சிறிதானால் கோணமும் குறைவு. இன்று சாதாரண ஆட்டக்காரர்களுக்கென்று விற்கும் பல செட்டுகளில் அதே ஏழு 28 முதல் 30 டிகிரிக்குள் இருக்கிறது. அன்றைய ஐந்தாம் எண் அயர்னின் கோணம் ஏறக்குறைய இதுதான். தண்டும் முன்பைவிட நீளம். அடிப்பாகத்தில் பொறித்திருக்கும் எண் மட்டும் அப்படியே நிற்கிறது. திரையில் தெரிந்த கூடுதல் தூரத்தில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்கும்.

இதை ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். பழைய பிளேடு அயர்ன்களில் இரும்பு, தலை முழுக்கப் பரவிக் கிடந்தது. நடுவில் பட்டால் அமிர்தம். அரை அங்குலம் தள்ளிப் பட்டால் முழங்கை வரை அதிரும். இன்றைய அயர்ன்களில் பின்புறத்தைக் குடைந்தெடுத்து, மிஞ்சிய எடையை அடிப்பகுதிக்கும் ஓரங்களுக்கும் தள்ளியிருக்கிறார்கள். ஈர்ப்பு மையம் கீழே இறங்கிவிட்டதால் பந்து எளிதாக மேலே எழும்புகிறது. பழைய 35 டிகிரியை அதில் அப்படியே வைத்திருந்தால் பந்து ஆகாயத்தைப் பார்த்துப் போய், முன்னே நகராமல் விழும். ஆகவே கோணத்தைக் குறைத்தார்கள். பொறியியல்படி இது நியாயமானது. கடையில் எந்த ஏழு அதிக தூரம் போகிறதோ அந்த ஏழுதான் விற்கும் என்ற வியாபாரக் கணக்கும் கூடவே இருந்தது. இரண்டும் சேர்ந்துதான் நம்மை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன.

விளைவு எங்கே தெரியும் என்றால், செட்டின் இரண்டு முனைகளிலும் தெரியும். முதலில் கீழ்முனை, அதாவது குறுகிய தூரத்துக்கு அடிக்கும் வெட்ஜ் மட்டைகள். அன்று பிட்ச்சிங் வெட்ஜ் 48 டிகிரி, சாண்ட் வெட்ஜ் 56. நடுவே 8 டிகிரி இடைவெளி; அரை வீச்சில் சமாளித்துக்கொள்ளலாம். இன்றைய செட்டில் பிட்ச்சிங் வெட்ஜ் 43 அல்லது 44. உங்கள் பழைய 56-ஐ அதன் பக்கத்தில் செருகினால் 12, 13 டிகிரி பள்ளம் விழுகிறது. நான்கு டிகிரிக்குச் சுமார் பத்து கஜம் என்று வைத்துக்கொண்டால், நூறு கஜத்துக்கு முன்னும் பின்னுமாக முப்பது கஜத்துக்கு உங்களிடம் மட்டையே இல்லை. நம்மைப் போன்றவர்கள், நான்கு அடியில் முடிக்க வேண்டிய பார்-4 குழிகளில் மூன்றாவது அடிக்கு வந்து நிற்பது பெரும்பாலும் அந்த தூரத்தில்தான்.

மேல்முனையில், நீண்ட தூர அயர்ன்களில், கதை வேறு. இன்றைய ஐந்தாம் எண் அயர்ன் 22, 23 டிகிரி. நான்காம் எண் 19, 20 டிகிரி. அது அந்தக் காலத்து இரண்டாம் எண் அயர்ன். பழைய இரண்டாம் எண் அயர்னை நம்மில் எத்தனை பேர் தரையிலிருந்து எழுப்பினோம்? உடம்பில் வேகம் இருந்த வயதிலேயே பலர் அதைப் பையில் அலங்காரமாக வைத்திருந்தார்கள். எண் நான்கு என்று போட்டிருப்பதால் அதை இப்போது வாங்கி வந்து, பந்து எழும்பவில்லையே என்று தன் ஸ்விங்கின் மேல் பழி போட்டுக்கொள்கிறவர்களை நான் பார்க்கிறேன். பாவமாக இருக்கிறது. கோளாறு அவர்களிடம் இல்லை.

ஆகவே ஒரு தாளை எடுத்து, வாங்க நினைக்கும் செட்டின் ஒவ்வொரு மட்டைக்கும் எதிரே அதன் கோணத்தை எழுதுங்கள். தயாரிப்பாளர்கள் எல்லோரும் தங்கள் இணையதளத்தில் இந்த விவரத்தைப் போட்டிருக்கிறார்கள். கீழே சாண்ட் வெட்ஜில் தொடங்கி மேலே, மிக அதிக தூரத்துக்கு அடிக்கும் டிரைவர் வரை, பெரிய பள்ளம் எங்கே விழுகிறது, தேவையில்லாத நெருக்கம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மட்டை தேர்வில் பாதி வேலை அந்தத் தாளிலேயே முடிந்துவிடும்.

நான் ஆட்டத்தை விட்டது யாருடைய கட்டாயத்தாலும் இல்லை. வேலை மாறியது, குழந்தைகள் பிறந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை காலை என்பது வேறு பல காரியங்களுக்கு உரியதாயிற்று. இடுப்பு வலியும் சேர்ந்துகொண்டது. பை பரணுக்குப் போனது. பிள்ளைகள் வளர்ந்து அவரவர் வழியில் போன பிறகு, நந்தனம் பக்கம் போகும்போதெல்லாம் அடையாற்றங்கரை கோல்ஃப் மைதானத்தின் அந்தப் பச்சை கண்ணில் படும். கால் தானாக வேகம் குறையும். ஒரு நாள் பையைக் கீழே இறக்கினேன். தூசு தட்டியதும் முதலில் கைக்கு வந்தது வெட்ஜ். சென்னைக் கடற்காற்று அதன் முகத்தைச் செம்பழுப்பாக்கி வைத்திருந்தது. கோடுகளில் விரல் நகத்தை ஓட்டினேன்; நகம் எங்கேயும் மாட்டவில்லை. அந்தக் கோடுகள்தான் பந்துக்குச் சுழற்சியைக் கொடுப்பவை. அவை தேய்ந்துவிட்டால், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனில் விழுந்த பந்து நிற்காமல் ஓடிவிடும்.

பயிற்சித் திடலுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போனபோது, அங்கே பல காலமாக மட்டைகளைச் செப்பனிட்டுக் கொடுக்கும் ஒரு பெரியவர் ஐந்தாம் எண் அயர்னை வாங்கிப் பார்த்தார். முன்பு ஆட்டக்காரர்களின் பையைச் சுமக்கும் ‘கேடி’யாக இருந்தவர். கைப்பிடியைக் கட்டைவிரலால் அழுத்தினார். ரப்பர் அமுங்கவில்லை, பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது.

“தலை நன்றாகத்தான் இருக்கிறது சார். கிரிப்தான் செத்துவிட்டது. இதைப் பிடித்து அடித்தால் மட்டை பறந்துவிடுமோ என்று நீங்கள் இறுக்கிப் பிடிப்பீர்கள். இறுக்கிப் பிடித்தால் தோள் திரும்பாது.”

“புது செட்டே வாங்கிவிடலாம் என்று பார்க்கிறேன் அண்ணே.”

“வாங்குங்கள் சார், யார் வேண்டாம் என்றது? முதலில் இதில் கிரிப் மாற்றி இரண்டு மாதம் அடியுங்கள். உங்கள் ஸ்விங் இப்போது எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. தெரியாமல் எதை அளந்து வாங்குவீர்கள்?”

திரும்பி வருகிறவருக்கு இதைவிட நல்ல ஆலோசனை கிடையாது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு முதல் சில வாரங்கள் உடம்பு நாளுக்கொரு விதமாக வீசும். அந்த வாரத்தில் கருவியின் முன் நின்று அளவெடுத்துக்கொண்டால், அந்த வாரத்து உடம்புக்குத்தான் மட்டை கிடைக்கும். இரண்டு மாதம் கழித்து இடுப்பு இளகி, தோள் திரும்பத் தொடங்கியதும் அதே மட்டை ஒத்துவராமல் போகலாம்.

அவர் கிரிப் மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கொக்கி மூக்கு வைத்த கத்தியால் பழைய ரப்பரை நீளவாக்கில் கீறினார். கத்தியின் கூரிய பக்கம் எப்போதும் அவருக்கு எதிர்ப்புறமாகவே நகர்ந்தது. உரித்ததும் தண்டில் காய்ந்த ஒட்டுநாடாவைச் சுரண்டித் துடைத்தார். புதிய இருபுற நாடாவைச் சுற்றி, நுனியை முறுக்கித் தண்டின் வாய்க்குள் திணித்தார். புதிய கிரிப்பின் அடித்துளையை விரலால் அடைத்துக்கொண்டு உள்ளே கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி, அதையே நாடாவின் மேல் கொட்டினார். பிறகு ஒரே மூச்சில் உள்ளே தள்ளினார். நடுவில் நிறுத்தினால் பாதியிலேயே பிடித்துக்கொள்ளுமாம். மட்டையைத் தரையில் நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கிரிப்பின் கோட்டைத் தலையின் விளிம்புக்கு நேராகத் திருப்பி வைத்தார். ஒரு மட்டைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இரவு முழுக்கக் காய விடச் சொன்னார்.

கிரிப்பின் பருமனையும் அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். வலக்கை ஆட்டக்காரர் இடக்கையால் மட்டையைப் பிடிக்கும்போது நடு இரண்டு விரல்களின் நுனி உள்ளங்கைச் சதையை மெல்லத் தொட வேண்டும். நகம் சதையில் பதிந்தால் கிரிப் ஒல்லி. தொடாமல் இடைவெளி இருந்தால் தடிமன். விரல் மூட்டுகளில் வலி உள்ளவர்களுக்குச் சற்றுத் தடித்த கிரிப் பெரிய ஆறுதல். இன்னொன்று, சென்னைக்கே உரியது: மே மாதத்தில் மூன்றாவது குழிக்குள் கையுறை நனைந்துவிடும். நூல் கலந்து நெய்த கிரிப் வியர்வையிலும் வழுக்காது. கை கொஞ்சம் உராயும் என்றாலும் கடற்கரை ஊர்களில் ஆடுகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

அடுத்தது தண்டு. உடம்பில் நேர்ந்த மாற்றம் மிகத் தெளிவாகப் பேசும் இடம் இதுதான். 1990களில் அயர்ன் என்றால் எஃகுத் தண்டு. நன்றாக ஆடுகிறவர்கள் என்று பெயர் எடுத்தவர்களின் பையில் ஒவ்வொரு தண்டும் 120, 130 கிராம் இருக்கும். கிராஃபைட் தண்டு என்றால் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் உரியது என்ற எண்ணம் பரவலாக இருந்தது. அந்த எண்ணத்தைப் பரணிலேயே விட்டுவிடுங்கள். இன்று அயர்னுக்கு 60 கிராமிலிருந்து 100 கிராமுக்கு மேல் வரை கிராஃபைட் கிடைக்கிறது. எஃகிலேயே 90 கிராம் சுற்றளவில் இலகுவானவை வந்துவிட்டன. முழங்கையிலும் மணிக்கட்டிலும் வலி உள்ளவர்களுக்கு கிராஃபைட் அதிர்வைக் குறைத்துக் கொடுக்கும். பதினெட்டுக் குழி நடந்து முடிக்கும்போது கடைசி நான்கு குழிகளில் அந்தக் கிராம்களின் அருமை தெரியும்.

தண்டின் வளைவுத்தன்மையைக் குறிக்க எழுத்து போட்டிருப்பார்கள்: ரெகுலர், ஸ்டிஃப், சீனியர் என்று. இதற்குத் தொழில் முழுவதற்குமான பொது அளவு எதுவும் கிடையாது. ஆயத்தச் சட்டையில் ஒரு கம்பெனியின் 40 இன்னொன்றின் 42-க்குச் சமமாக இருப்பது போல, ஒருவரின் ரெகுலர் இன்னொருவரின் ஸ்டிஃப் அளவுக்கு விறைப்பாக இருக்கும். ஆகவே “நான் எப்போதும் ஸ்டிஃப் ஆடுகிறவன்” என்று கடையில் சொல்வதில் பயனில்லை. அடித்துப் பார்த்து, பந்து எழும்பும் உயரத்தையும் கைக்கு வரும் உணர்வையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வேகம் குறைந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதை ஒப்புக்கொண்டவர்களின் பந்துதான் உயரமாகப் போய் மெத்தென்று விழுகிறது.

அடித்துப் பார்ப்பது என்றேன். எங்கே என்பது முக்கியம். கடைகளில் செயற்கைப் புல்விரிப்பின் மேல் அடிக்கச் சொல்வார்கள். பந்துக்கு ஓர் அங்குலம் முன்னாலேயே தரையில் பட்டாலும் அந்த விரிப்பில் மட்டை சறுக்கிக்கொண்டு போய்ப் பந்தை எடுத்துவிடும். திரையில் நல்ல எண்ணே வரும். அதே அடியைப் புல்தரையில் அடித்தால் மண் பெயரும். பந்து பாதி தூரம்கூடப் போகாது. முடிந்தால் மாதிரி மட்டையைப் பயிற்சித் திடலுக்கு வாங்கிக்கொண்டு போய்ப் புல்லில் அடியுங்கள். முடியாவிட்டால், திரையில் வந்த மிகச் சிறந்த அடியைக் கழித்துவிட்டு மற்றவற்றைப் பாருங்கள். மைதானத்தில் உங்களுக்கு வாய்க்கப்போவது அவைதான். நல்ல அடிக்கும் சுமாரான அடிக்கும் இடையே தூரம் எவ்வளவு குறைகிறது என்பதில்தான் மட்டையின் குணம் தெரியும்.

தலை தரையில் எப்படி உட்காருகிறது என்பதற்குச் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. மார்க்கர் பேனாவால் பந்தின் மேல் ஒரு தடித்த கோடு வரைந்து, அந்தக் கோடு மட்டையின் முகத்தைப் பார்த்துச் செங்குத்தாக நிற்கும்படி பந்தை வையுங்கள். அடித்ததும் மை முகத்தில் பதியும். பதிந்த கோடு நேராக நின்றால் மட்டை உங்களுக்குப் பொருத்தம். கோட்டின் மேல்முனை மட்டைத் தலையின் நுனிப் பக்கம் சாய்ந்தால், அடிக்கும் கணத்தில் நுனி தரையை விட்டுத் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து இடப்பக்கம் இழுக்கும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் பந்து வலப்பக்கம் ஓடும். அனுபவம் உள்ள செப்பனிடுபவர் பல அயர்ன்களின் கழுத்தை ஓரிரு டிகிரி வளைத்து இதைச் சரிசெய்துவிடுவார். ஆண்டுக்கணக்கில் ஒரே பக்கம் பந்தை இழந்துகொண்டிருந்த ஒருவர் இந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு வாயடைத்துப்போனதை நேரில் கண்டிருக்கிறேன்.

ஹைப்ரிட்டைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 2000க்கு முன்பே ஆட்டத்தை விட்டவர்கள் இதை அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். நீண்ட அயர்னுக்கும், ‘ஃபேர்வே மரம்’ என்று பெயர் பெற்ற பருத்த தலை மட்டைக்கும் இடைப்பட்ட பிறவி. உயரப் புல்லிலிருந்தும் பந்தை எடுத்துக் கொடுக்கும். ஆறாம் எண் அயர்னுக்கு மேலே உள்ள அயர்ன்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, 22, 26 டிகிரி சுற்றளவில் இரண்டு ஹைப்ரிட் வைத்துக்கொண்டால் நம் வயதுக்குப் போதும். உங்கள் ஐந்தும் ஆறும் ஒரே தூரம் போனால் ஐந்து பையில் இருக்க வேண்டிய அவசியமில்லை என்பது எளிய சோதனை. முழு செட்டாகத்தான் தருவோம் என்று கடையில் சொன்னால், ஆறிலிருந்து தொடங்கும் செட் உண்டா என்று கேளுங்கள். பெரும்பாலும் வரவழைத்துக் கொடுப்பார்கள்.

வெட்ஜ்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கோணம் மட்டும் பார்த்தால் இங்கே போதாது. அடிப்பாகத்தின் வயிற்றையும் பார்க்க வேண்டும். மட்டையை நேராக வைக்கும்போது முன்விளிம்பைவிட அடிவயிறு எவ்வளவு கீழே தொங்குகிறதோ அதை பவுன்ஸ் என்பார்கள். மணலில் மட்டை புதைந்துவிடாமல் மிதந்து வர அதுதான் காரணம். 1932-இல் அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரசென் தன் மட்டையின் பின்புறத்தில் உலோகத்தைச் சேர்த்து இப்படி ஒன்றை உருவாக்கினார்; அந்த ஆண்டு பிரிட்டிஷ் ஓப்பனையும் வென்றார். மணல் பள்ளமான பங்கரைக் கண்டு பயந்துகொண்டிருந்த ஆட்டம் அதன் பிறகு மாறியது.

பவுன்ஸ் அதிகமாக இருந்தால் நல்லது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. கத்திரி வெயிலில் சென்னைத் தரை கல்லாக இறுகிக் கிடக்கும்போது 14 டிகிரி பவுன்ஸ் உள்ள வெட்ஜை, குட்டையாக வெட்டிய புல்பாதையான ஃபேர்வேயில் பயன்படுத்தினால் வயிறு தரையில் மோதித் துள்ளி, முன்விளிம்பு பந்தின் நடுவில் போய் அடிக்கும். பந்து கிரீனைத் தாண்டிப் பறக்கும். அதே வெட்ஜ் ஐப்பசி மழையில் ஊறிய தரையிலும், ஆழ்ந்த மணலிலும் தெய்வம். நான் இரண்டு விதமாக வைத்திருக்கிறேன்: 50 டிகிரியில் குறைந்த பவுன்ஸ், 56-இல் அதிகம். இறுகிய தரையில் கிரீன் ஓரத்துச் சிறு அடிகளுக்கு 50. மணலுக்கும் ஈரத்துக்கும் 56. என் பிட்ச்சிங் வெட்ஜ் 44. ஆறு, ஆறு என்று இடைவெளி சமமாக விழுகிறது.

மலைக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கை இன்னொரு முறை பார்க்க வேண்டும். கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-இல் தொடங்கியது. ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. காட்டெருமைகள் ஃபேர்வேயில் மேய்ந்துகொண்டிருக்கும். அவை நகரும் வரை காத்திருப்பதுதான் மரியாதை, பாதுகாப்பும்கூட. அங்கே காற்று மெலிது. பந்து சுமார் எட்டு சதவீதம் கூடுதலாகப் போகும். 150 கஜம் அடிக்கும் மட்டை 160-ஐத் தாண்டும். கீழ்நாட்டில் பத்து கஜமாக இருந்த இடைவெளி அங்கே கொஞ்சம் விரியும். தரையும் மெத்தென்று இருக்கும் என்பதால் பவுன்ஸ் அதிகமுள்ள வெட்ஜுக்கு அங்கே வேலை கூடுதல். மலையில் அடித்த தூரத்தை நம்பிச் சென்னையில் மட்டை வாங்கிவிடக் கூடாது.

பட்டர் விஷயத்தில் அவசரமே வேண்டாம். கிரீனில் பந்தை உருட்டும் அந்த மட்டைக்கு வயதாவதில்லை. பிங் நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் ஒரு பொறியாளர். எடையை இரு ஓரங்களுக்கும் தள்ளிவிட்டால் நடுவில் படாத பந்தும் கோட்டை விட்டு அதிகம் விலகாது என்று பட்டரில்தான் முதலில் செய்து காட்டினார். 1966-இல் அவர் கொண்டுவந்த ஆன்சர் பட்டரின் வடிவத்தை இன்றும் எல்லா நிறுவனங்களும் ஏதோ ஒரு பெயரில் செய்துகொண்டிருக்கின்றன. உங்கள் பழைய பட்டரைக் கையில் எடுத்ததும் தோள்கள் தளர்ந்து கண் கோட்டில் நின்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். கிரிப் மட்டும் மாற்றுங்கள். ஒன்றே ஒன்று: வயிற்றிலோ மார்பிலோ ஊன்றிக்கொண்டு அடிக்கும் நீண்ட பட்டர் வைத்திருந்தவர்கள் அந்த முறையை விட்டாக வேண்டும். 2016-இல் இருந்து அப்படி உடம்பில் ஊன்றி அடிப்பது விதிப்படி கூடாது. மட்டைக்குத் தடையில்லை.

டிரைவரைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். நான் கடைசியில் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1991-இல் காலவே நிறுவனத்தின் பிக் பெர்த்தா டிரைவர் வந்தபோது அதன் தலையைப் பார்த்து வியந்தோம். இன்றைய தலையின் அளவில் அது பாதிகூட இல்லை. 2004-இல் தலைக்கு 460 கன சென்டிமீட்டர் என்று உச்சவரம்பு வந்தது. முகம் பந்தை எவ்வளவு துள்ளித் தள்ளலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. ஆகவே முகத்தின் நடுவில் பட்ட அடிக்கு, அதன் பிறகு வந்த டிரைவர்களுக்குள் பெரிய தூர வித்தியாசம் இல்லை. முன்னேற்றம் முழுக்க நடுவை விட்டு விலகிப் பட்ட அடிகளில்தான். அது நமக்கு மிகவும் வேண்டிய முன்னேற்றம்தான். ஆனால் ஐந்தாறு ஆண்டுப் பழைய டிரைவரிலேயே அதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். புதியதன் விலையில் பாதிக்கும் குறைவாக அது கைக்கு வரும்போது, மிச்சப் பணத்தை வெட்ஜுக்கும் பயிற்சியாளருக்கும் கொடுக்கலாம். கோணம் 10.5-க்குக் கீழே போக வேண்டாம். வேகம் குறைந்தவர்களுக்கு 12 இன்னும் நல்லது. பந்து காற்றில் கூடுதல் நேரம் நிற்கும்.

பழையதை வாங்கும்போது போலிகளைக் கவனிக்க வேண்டும். பிரபலமான பெயர்களில் போலி மட்டைகள் உலகம் முழுக்கவே சுற்றுகின்றன. டைட்டேனியம் என்று சொல்லி விற்கும் டிரைவரின் முகத்தில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது டைட்டேனியம் இல்லை. ஒட்டாவிட்டால் அசல் என்று உறுதியாகிவிடாது. அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது. எழுத்துகளின் வண்ணம் பிசிறடித்திருக்கிறதா, தண்டும் தலையும் சேரும் இடத்தில் இடைவெளி தெரிகிறதா, தொடர் எண் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கிராஃபைட் தண்டு முழுவதையும் வெளிச்சத்தில் சுழற்றிப் பார்த்து, மயிரிழை விரிசல் இருந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். கோடையில் காரின் டிக்கியிலேயே பையை வைத்திருக்கும் பழக்கம் உள்ளவரிடம் வாங்கினால் தலை ஆடுகிறதா என்றும் முறுக்கிப் பாருங்கள். வெப்பத்தில் ஒட்டுப்பசை இளகிவிடும்.

பை நிறைய வேண்டும் என்ற ஆசையும் திரும்பி வருகிறவர்களுக்கு உண்டு. பதினான்கு என்பது உச்சவரம்பு மட்டும்தான். ஆட்டக்காரர்கள் இருபதுக்கும் மேற்பட்ட மட்டைகளைச் சுமக்க வைத்ததால்தான் அமெரிக்காவில் 1938-இலும் பிரிட்டனில் 1939-இலும் அந்த வரம்பு வந்தது. அதற்குக் கீழே எத்தனை வைத்துக்கொண்டாலும் விதி ஒன்றும் சொல்லாது. நம் நாட்டில் அரை செட்டோடு ஆட்டம் கற்றவர்கள் ஏராளம். இந்தியன் ஓப்பனை வென்ற அலி ஷேரும், 2009-இல் அதே பட்டத்தை வென்ற பெங்களூரு முனியப்பாவும் கேடிகளாக இருந்து மேலே வந்தவர்கள். டிரைவர், ஒரு ஃபேர்வே மரம், ஒரு ஹைப்ரிட், மூன்று அயர்ன்கள், இரண்டு வெட்ஜ், பட்டர் என்று ஒன்பது மட்டைகளோடு முதல் ஆறு மாதம் ஆடிப் பாருங்கள். இடுப்புக்கும் நல்லது. ஒவ்வொரு மட்டையோடும் நெருக்கம் உண்டாகும். எந்த தூரத்தில் கை தடுமாறுகிறது என்பதும் தெரிந்துவிடும். அடுத்த மட்டையை அந்த தூரத்துக்கு வாங்கலாம்.

என் பையில் இப்போது அப்படித் தேவைக்கேற்பத்தான் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்திருக்கிறது. முதலில் கிரிப்புகள், பிறகு இரண்டு வெட்ஜ், அதன் பிறகு ஆறிலிருந்து தொடங்கும் கிராஃபைட் அயர்ன் செட், ஒரு ஹைப்ரிட். பட்டர் பழையதேதான். டிரைவரை இன்னும் மாற்றவில்லை. மழை முடிந்து தரை காயட்டும், 10.5-ஐயும் 12-ஐயும் புல்லின் மேல் வைத்து அடித்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுப்பேன்.